நாற்பதிலிருந்து ஒரு சைபர்

அந்த ரோபோ நான்கு நொடிதான் நின்றது.

பள்ளி மண்டபத்தின் நடுவில், தரையில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்பைத் தொட்டதும் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு பின்னோக்கி உருளத் தொடங்கியது. சாப்பாட்டு டப்பா அளவுள்ள இரண்டு சக்கர வண்டி அது. மின்விசிறிகளின் இரைச்சலையும் மீறி அதன் மோட்டார் கொசு மாதிரி முனகியது. புறப்பட்ட இடத்துக்கே சரியாக வந்து சேர்ந்தது. முன்வரிசை விருந்தினர்கள் கைதட்டினார்கள். பின்வரிசை மாணவர்கள், தட்டச் சொல்லிப் பழக்கியிருந்ததால், இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மூன்று பேர் தட்டவில்லை. அந்த ரோபோவுக்கு புரோகிராம் எழுதிய லோகேஸ்வரி தட்டவில்லை. வாசலோரம் நின்றிருந்த அவள் அப்பா தட்டவில்லை. லேப்டாப் பக்கத்தில் நின்ற நானும் தட்டவில்லை.

காஜாங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ‘முப்பது வருஷம் பிசிக்ஸ் சொல்லிக் கொடுத்தீர்களே, நீங்கள் நடத்தியதிலேயே சிறந்த பாடம் எது, இந்தத் தொடரில் அதையும் எழுதுங்கள்’ என்று. அம்மா, இதுதான் அது. இதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதில்லை. அதை நாசமாக்கியதும் நானேதான். கேட்டீர்கள், சொல்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மலையேறிய வண்டி

கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு இடைநிலைப்பள்ளி. பெயர் வேண்டாம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருவேன். கடைசி ஏழெட்டு வருடங்கள் அங்கேதான். படிவம் நான்குக்கு, அதாவது பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு, பிசிக்ஸ்.

பிசிக்ஸில் முதல் அத்தியாயங்களிலேயே ஒரு கண்டம் இருக்கிறது. இயக்க வரைபடம். கீழே நேரம், பக்கத்தில் தூரம், நடுவே ஒரு கோடு. கோடு மேலே ஏறினால் பொருள் தள்ளிப் போகிறது. கோடு படுத்திருந்தால் பொருள் நிற்கிறது. கீழே இறங்கினால் திரும்பி வருகிறது. இவ்வளவுதான் சங்கதி. ஆனால் எந்த வருடமும், எந்த வகுப்பிலும், பாதிப் பிள்ளைகள் இதைப் படமாகத்தான் பார்ப்பார்கள். வண்டி மலை ஏறுகிறது, மேலே மேடை மாதிரி இருக்கும் இடத்தில் ஜாலியாக ஓடுகிறது, அப்புறம் இறங்குகிறது என்பார்கள்.

நானும் தொண்டை வற்றக் கத்திப் பார்த்துவிட்டேன். “மலை இல்லடா! அது நிக்குது!” என்பேன். “நிக்குதுன்னா ஏன் டீச்சர் கோடு ஓடிக்கிட்டே இருக்கு?” என்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வரும்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் பிளாஸ்டிக் பெட்டியில் ஆறு ரோபோக்கள் வந்தன. இரவல். சில பள்ளிகளில் மட்டும் சோதித்துப் பார்க்கிறார்கள், ஆண்டு நடுவில் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், பிடித்தால் ரோபோக்கள் பள்ளிக்கே, பிடிக்காவிட்டால் பெட்டியோடு திரும்பப் போய்விடும் என்றார்கள்.

பயன்படுத்துவது சுலபம். லேப்டாப்பில் வண்ணக் கட்டங்களை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்க வேண்டும். ‘முன்னால் போ’, ‘பின்னால் வா’, ‘காத்திரு’. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நொடி என்று எண் போட வேண்டும், ஓடும் கட்டங்களில் வேகத்தையும். ரோபோ ஓடும்போதே, சக்கரம் சுற்றுவதை எண்ணி, திரையில் கோடு தானாக வளரும். நான் வரைபடத்தைக் கொடுப்பேன். அதே கோடு திரையில் வரும்படி ரோபோவை ஓட்டிக் காட்ட வேண்டும்.

முதல் நாள் ஃபைசால் என்ற மாணவன் மூன்று புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து, ரோபோவை அதன்மேல் ஏற்றினான். ஏறியது. திரையைப் பார்த்தான். புத்தகத்தின் உச்சியில் ரோபோ ஓடியபோதும் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. “ஏய், மலை முடிஞ்சிருச்சு, ஏன் இன்னும் ஏறுது?” என்று மலாயில் ரோபோவையே அதட்டினான். வகுப்பே சிரித்தது. இரண்டு நிமிடம் கழித்து அவனே தலையைச் சொறிந்துகொண்டு புத்தகங்களை எடுத்துவிட்டான். எத்தனையோ வருடம் நான் கத்தியும் நடக்காதது அது.

அப்பா கொண்டுவந்த தாள்கள்

கொஞ்சம் விலகிப் போகிறேன். திரும்பி வந்துவிடுவேன்.

என் அப்பாவுக்கு ரயில்வேயில் கட்டுப்பாட்டு அறையில் வேலை என்று முன்பே எழுதியிருக்கிறேன். அங்கே பெரிய தாள்களில் ரயில்களைக் கோடுகளாக வரைவார்கள். பக்கவாட்டில் ஸ்டேஷன் பெயர்கள், கீழே மணி நேரம். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. நாள் முடிந்த தாள்களை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். என் பள்ளிப் புத்தகங்களுக்கெல்லாம் அதில்தான் அட்டை. வேதாகமத்துக்குக்கூட அதுதான்.

ஒரு தாளில் ஒரு கோடு மட்டும் நெடுந்தூரம் படுத்தே கிடந்தது. என்னப்பா இது என்று கேட்டேன். வேலை முடிந்து வந்த சிடுசிடுப்பில், “என்னா, நின்னுச்சு. எதிர் வண்டி வர்ற வரைக்கும் நின்னுச்சு. போ, போய்ப் படி,” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, “வண்டி நிக்கிறது மட்டும் உங்கப்பாவுக்குத் தெரியும், சோறு காத்துக்கிட்டு நிக்கிறது தெரியாது,” என்றார்.

படுத்த கோடு என்றால் யாரோ எங்கேயோ காத்திருக்கிறார்கள் என்று ஒன்பது வயதிலேயே தெரிந்தவள் நான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகச் சமாதானம் சொல்லிவிடக் கூடாது.

லோகாவின் லோரி

லோகேஸ்வரியை எல்லாரும் லோகா என்றுதான் கூப்பிடுவார்கள். கிள்ளான் பக்கத்துப் பண்டமாரான் பிள்ளை. ஒல்லி, கண்ணாடி, பேனா மூடியைக் கடித்துக் கடித்துச் சப்பையாக்கிவிடுவாள். தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்து வந்தவள், படிவம் நான்கில் பிசிக்ஸில் இரண்டு தடவை வரிசையாகத் தோற்றாள்.

அவள் அப்பா முனியாண்டி கன்டெய்னர் லோரி ஓட்டுபவர். ஒரு பகல், வியர்வையோடு நேராக ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டார்.

“டீச்சர், புள்ளைக்கு சயின்ஸ் ஒத்துவரல. தினம் அழுவுது. ஆர்ட்ஸ் கிளாசுக்கு மாத்திடுங்க.”

“அவளே கேட்டாளா, லோகா அப்பா?”

“அவ கேக்கமாட்டா. அவளுக்கு எஞ்சினியர் ஆவணும். அதான் டீச்சர் எனக்கு பயமே. ஆசப்பட்டு ஆசப்பட்டு கடைசில ஒன்னுமில்லாம போயிடக் கூடாதுல்ல.”

வகுப்பு மாற்றும் ஃபாரத்தைக் கையோடு வாங்கி வந்திருந்தார். நான் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி என் ரெக்கார்டு புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். அதிகாரிகள் வரும் நாள்வரை பொறுங்கள், அன்று அவளே ரோபோவை ஓட்டிக் காட்டுவாள், நீங்களே வந்து பாருங்கள் என்றேன்.

அவர் யோசித்தார். “சரி டீச்சர். வந்து பாக்குறேன். அவளுக்கு வருதுன்னா இருக்கட்டும். வரலேன்னா அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுறேன்.”

இதுதான் எங்களுக்குள் பேச்சு.

ரோபோ வந்து மூன்றாவது வாரம், வகுப்பு முடிந்த பிறகு லோகா என் மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், ஒன்னு கேக்கவா? அப்பா லோரி போர்ட் கேட்ல நிக்கும்ல? நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் கியூல நிக்கும். அப்ப கோடு படுத்துதானே இருக்கும்?”

“ஆமா.”

“ஆனா அப்பா சும்மா இல்லல்ல டீச்சர். டைம் ஓடுது. அதனாலதான் கோடும் ஓடுது. லோரி நிக்குது, டைம் நிக்கல.”

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனையோ பிள்ளைகள் கேட்ட அந்தக் கேள்விக்கு என்னிடம் இல்லாத பதில் அது.

அன்று முதல் அவள் பிசாசு மாதிரி வேலை செய்தாள். அப்பாவின் ஒரு நாளை ரோபோவாக ஓட்டப்போகிறேன் என்றாள். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நொடி என்று கணக்கு. ஷா ஆலாம் யார்டிலிருந்து துறைமுகத்துக்குக் காலி லோரி, ஒரு மணி நேரம், பத்து நொடி. கேட்டில் காத்திருப்பது நான்கு மணி நேரம், நாற்பது நொடி. சுமையோடு திரும்புவது ஒன்றரை மணி, பதினைந்து நொடி. அதனால் திரும்பும் கோடு கொஞ்சம் சாய்வு குறைந்து, சோர்ந்து இறங்கும். அதை மாஜோங் பேப்பரில், சுவரில் ஒட்டும் அந்தப் பெரிய வெள்ளைத் தாளில், மார்க்கரால் பெரிதாக வரைந்தாள். பார்த்தால் நடுவில் ஒரு நீளப் பாய் விரித்தமாதிரி அந்தக் கோடு படுத்திருக்கும்.

வகுப்பில் ஓட்டிப் பார்த்தோம். ரோபோ போனது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. முதலில் பிள்ளைகள் கேலி செய்தார்கள். இருபது நொடி ஆனதும் சத்தம் அடங்கிவிட்டது. முப்பது நொடி ஆனபோது ஃபைசால், “காசியான் பாப்பா டியா,” என்றான். பாவம் அவள் அப்பா என்று. நாற்பதாவது நொடியில் ரோபோ நகர்ந்ததும் எல்லாரும் கத்தினார்கள். அன்று அந்த வகுப்பில் வரைபடத்தை யாரும் மலை என்று சொல்லவில்லை. அதன்பிறகும் சொல்லவில்லை.

என் வாழ்க்கையில் நான் நடத்திய சிறந்த பாடம் அந்த நாற்பது நொடிதான். அதில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

பூச்செடிகள் நடக்கும் நாள்

பள்ளிக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் என்ன நடக்கும் என்று இந்நாட்டு ஆசிரியர்களைக் கேளுங்கள். ஒரு வாரம் பாடம் நின்றுவிடும். படிக்கட்டுக்கு மஞ்சள் கோடு அடிப்போம். பூந்தொட்டிகள் எங்கள் பள்ளியில் மொத்தம் பதினாறு. விருந்தினர்கள் அலுவலகத்தில் தேநீர் குடிக்கும்போது அவை வாசலில் இருக்கும். அவர்கள் ஆய்வகத்துக்கு நடந்து வருவதற்குள் பின்வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடி ஆய்வக வாசலில் வைத்துவிடுவோம். கேட்கப்போகும் கேள்விகளும் சொல்லப்போகும் பதில்களும் மாணவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும். நானும் வருடாவருடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூச்சமெல்லாம் என்றோ போய்விட்டது.

அதிகாரிகள் வந்த அன்று காலை மண்டபத்தில் கடைசி ஒத்திகை. லோகாவின் ரோபோ நின்றது. பெங்கெதுவா, அதாவது எங்கள் தலைமையாசிரியர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நொடி. இருபது. என்னிடம் நகர்ந்து வந்தார்.

“ரோசாக்கா?” கெட்டுப்போச்சா என்று கேட்டார்.

“இல்லை, காத்திருக்கிறது,” என்றேன். அது அவள் அப்பாவின் லோரி, துறைமுகம், வரிசை என்று விளக்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கெட்ட மனுஷி இல்லை. கேட்டுவிட்டு, “சிக்கு, தெதாமு தாக் சுக்கா துங்கு,” என்றார். டீச்சர், விருந்தினர்களுக்குக் காத்திருக்கப் பிடிக்காதாம். “நின்னுக்கிட்டே இருந்தா கெட்டுப்போச்சுன்னுதான் நினைப்பாங்க. சுருக்கிடுங்க,” என்று சொல்லிவிட்டு பூந்தொட்டிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

லோகா அப்போது அங்கே இல்லை. அப்பா வந்துவிட்டாரா என்று பார்க்க கேட்டுக்கு ஓடியிருந்தாள்.

அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மணி எட்டரை. கார்கள் வந்துவிட்டன என்று யாரோ வாக்கி டாக்கியில் கத்தினார்கள். லேப்டாப்பைத் திறந்தேன். ‘காத்திரு’ என்ற கட்டத்தில் 40 என்று இருந்தது. சைபரின் பின்னால் கர்சரை வைத்து ஒரு தட்டு தட்டினேன். 4.

சேமித்துவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நிகழ்ச்சி சுமுகமாகப் போனால் ரோபோக்களும் தங்கும், லோகாவும் தங்குவாள், எல்லாருக்கும் நல்லதுதானே என்று மனசு எனக்கு வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தது.

மாஜோங் பேப்பரை மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. சுவரில் ஒட்டுவதை இந்த மாதிரி நாட்களில் யாரும் படிப்பதில்லை. முப்பது வருட அனுபவம் அது.

படித்துப் பார்த்த மனிதர்

அன்று வந்தவர் படித்தார்.

வயதான அதிகாரி. கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்து, மாஜோங் பேப்பரின் முன்னால் போய் நின்றார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அந்த நீளக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். திரையில் இருந்த குட்டைக் கோட்டைப் பார்த்தார். பிறகு லோகாவிடம் மலாயில், மிகவும் மென்மையாக, “மகளே, இங்கே நாற்பது நொடி என்று வரைந்திருக்கிறாய். வண்டி ஏன் அவ்வளவு சீக்கிரம் கிளம்பிவிட்டது?” என்று கேட்டார்.

ஐயோ, அவர் காத்திருந்திருப்பார். அந்த மனிதர் நாற்பது நொடி என்ன, நான்கு மணி நேரமும் காத்திருந்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

லோகா லேப்டாப்பைக் குனிந்து பார்த்தாள். அந்த நாலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வயரைச் சரிசெய்தேன். நன்றாகவே இருந்த வயரைக் குனிந்து சரிசெய்தேன்.

“சிலாப் சாயா, துவான்,” என்றாள் லோகா. என் தப்பு, ஐயா. “ஒரு சைபரை விட்டுவிட்டேன்.”

அவர் சிரித்து, பரவாயில்லை, அடுத்த முறை கவனமாக இரு என்று அவள் தோளைத் தட்டினார். அடுத்த ரோபோவைப் பார்க்க நகர்ந்தார்கள். பூந்தொட்டிகள் ஆய்வகத்துக்கு ஓடின.

எல்லாரும் போன பிறகு முனியாண்டி வந்தார். வெளுத்த சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். லோரியில் ஒரு நடையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

“என்னா டீச்சர், என் லோரிய அவ்ளோ சீக்கிரம் உள்ள விட்டுட்டாங்க?” என்று சிரிக்கப் பார்த்தார். “அப்படி விட்டா நான் தினம் வீட்டுக்கு வந்தே சாப்புட்டிருப்பேனே.”

நான் அந்த வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“அவ சயின்ஸே வேணாங்கிறா டீச்சர். நான் சொல்லிப் பாத்தேன், ஒரு தப்புதானம்மா, போவுது வுடுன்னேன். கேக்கல. அந்த ஃபாரம் இருக்கா?”

ரெக்கார்டு புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பேனாவையும் நானே கொடுத்தேன். லேப்டாப் மூடியின்மேல் வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அவர் கக்கத்தில் இந்தப் பத்திரிகையின் ஞாயிறு இதழ் மடித்து இருந்தது. கியூவில் நிற்கும்போது வரி விடாமல் படிப்பாராம்.

ரோபோக்கள் பள்ளிக்கே கிடைத்தன. பெங்கெதுவா எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்.

நான் கட்டிக்கொண்ட கதை

அதற்குப் பிறகு லோகா என்னைப் பார்த்தால் குனிந்துகொண்டு போவாள். என்னைக் காட்டிக் கொடுக்காமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள், அந்தக் கோபம் அவளுக்கு இருக்கும் என்று நினைத்தேன். கோபம் தணியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். அவள் ஆர்ட்ஸ் முடித்துப் பள்ளியை விட்டே போய்விட்டாள்.

வருடத்துக்கு இரண்டு தடவை பாவசங்கீர்த்தனம் செய்பவள் நான். புருஷனிடம் எரிந்து விழுந்தது, பக்கத்து வீட்டுப் பூனையைச் சபித்தது, எல்லாம் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. ஏனென்றால் அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரியும், தெரிந்தே என்னை மன்னித்திருக்கிறாள் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டிருந்தேன். பெருந்தன்மையான பிள்ளை என்று மனசுக்குள் மெச்சிக்கொள்ளவும் செய்தேன். என் லட்சணம் அது.

மரத்துப்போன வாய்

சில மாதங்களுக்கு முன் கடைவாய்ப் பல் வலித்து, பங்சாரில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். கவுன்டரில் லோகா.

முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. கண்ணாடி மாறியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டாள். “டீச்சர்! அடையாளம் தெரியுதா?” குரலில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஊசி போட்டு, வேர் சிகிச்சையில் பாதியை முடித்து, பாதி முகம் மரத்துப்போய் வெளியே வந்தேன். ஆள் யாரும் இல்லை. மருந்தை எடுத்து வைத்துக்கொண்டே பேசினாள்.

“அப்பா போயிட்டாரு டீச்சர். ரெண்டு வருஷம் ஆவுது. ஹார்ட்டு. கியூல நிக்கிறப்பவே, ஸ்டீரிங்ல சாஞ்சுட்டாரு. தூங்குறாருன்னு நெனச்சு பின்னாடி உள்ளவங்க ஹாரன் அடிச்சாங்களாம்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்த ரோபோ ஞாபகம் இருக்கா டீச்சர்? அப்பா அடிக்கடி சொல்லிச் சிரிப்பாரு. என் லோரிய நாலு செகண்ட்ல உள்ள விட்ட புள்ளன்னு.” அவளும் சிரித்தாள். “அன்னைக்கு காலையில கடைசியா அதைத் தொட்டது நான்தான் டீச்சர். திரும்பி வர்ற டைமைச் சரிபாக்கத் தொறந்தேன். ஒத்திகையில அது ஓடுறப்ப நான் அப்பாவைத் தேடிக்கிட்டு கேட்டாண்ட இருந்தேன், பாக்கல. கை பட்டு சைபர் போயிருக்கு, நான் கவனிக்காம சேவ் பண்ணியிருக்கேன். அவ்ளோ பேரு முன்னாடி. உங்க மானத்தையும் வாங்கிட்டேன். அதான் டீச்சர் உங்க மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருந்துச்சு.”

என் மூஞ்சியில்! அவளுக்கு வெட்கம்!

“ஒரு சைபரைக்கூட ஒழுங்கா பாக்கத் தெரியாதவளுக்கு எஞ்சினியரிங் எதுக்குன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நல்லவேளை, சீக்கிரமே தெரிஞ்சுச்சு. ஒரு பாலம் கட்டிட்டு சைபரை விட்டிருந்தா?” என்று மறுபடி சிரித்தாள். “இப்பவும் அப்பாயின்ட்மென்ட் போடுறப்ப ரெண்டு தடவ, மூணு தடவ பாத்துக்குவேன் டீச்சர். டாக்டர்கூட கிண்டல் பண்ணுவாரு.”

அவளுக்குத் தெரியாது. ஒரு நாளும் தெரிந்திருக்கவில்லை. அன்று அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தது, நீங்களா செய்தீர்கள் என்று கேட்க அல்ல. மன்னித்துவிடுங்கள் டீச்சர் என்று சொல்லத்தான்.

வாய் மரத்திருந்தது, அதனால் பேச முடியவில்லை என்று நான் இங்கே எழுதலாம். நீங்களும் நம்புவீர்கள். ஆனால் ‘எவ்வளவும்மா ஆச்சு’ என்று கேட்க அந்த வாய் வந்தது. ‘வரேம்மா’ என்று சொல்லவும் வந்தது. லிஃப்டில் இறங்கும்போது எச்சில் ஒழுகுவதுகூடத் தெரியாமல் அழுதேன். கீழே போய் நின்றேன். மறுபடி மேலே போகவில்லை.

வேறொரு நாள்

அந்தப் பல் இன்னும் பாதியில்தான் இருக்கிறது. மூன்று முறை தள்ளிப்போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் போனை எடுப்பது அவள்.

போன வாரமும் கூப்பிட்டேன். சொல்லியே தீர்வது என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். “சொல்லுங்க டீச்சர்,” என்றாள். தாளைப் பார்த்தேன். இரண்டே வரி. வாசித்தால் போதும்.

அவள் காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும். எத்தனை நொடி என்று நான் எண்ணவில்லை.

“டீச்சர்? லைன்ல இருக்கீங்களா?”

“வேற ஒரு நாள் குடும்மா,” என்றேன்.

“பரவால்ல டீச்சர். அடுத்த புதன், பத்து மணி. பத்துதான், ரெண்டு தடவ பாத்துட்டேன்,” என்றாள்.

அதனால் இங்கே எழுதுகிறேன். அவள் வீட்டில் இந்தப் பத்திரிகையை இப்போது யாரும் வாங்குவதில்லை. வாங்கிப் படித்தவர் போய்விட்டார், மகள் ஒரு சைபரைத் தொலைத்தவள் என்று நம்பிக்கொண்டே. அவரிடம் இனி யாரும் போய்ச் சொல்ல முடியாது.

பண்டமாரானில் இதைப் படிப்பவர்கள் யாருக்காவது அவளைத் தெரிந்திருக்கலாம். சொல்ல வேண்டியவள் நான்தான். ஆனால் என்னை நான் இத்தனை வருடமாகப் பார்த்துவிட்டேன், எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள். அவள் நாற்பது என்றுதான் போட்டிருந்தாள்.